விளக்கைச் சுற்றி வளையம்

டிசம்பர் 3, செவ்வாய்

விடியும் முன்பே மழை. கடை திறந்தும் ஆள் இல்லை. ஒருவர் மட்டும் குடையை மடித்து வைத்துவிட்டு, மழை விடும்வரை சேலை விலை கேட்டார். மழை விட்டது. போய்விட்டார்.

மாலை புகைப்படக் கழகக் கூட்டம். ஹாலிஎல, புஷ்பா டீச்சரின் டியூஷன் அறை. பெஞ்சுகள் ஏழாம் வகுப்புக்கு அளவானவை, எங்களுக்கு அல்ல. தலைவர் செல்லையா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் சேவையில். இன்றைய உரை: மழைக்காலத்தில் கெமராவைக் காப்பது. போன மழைக்காலத்திலும் இதே உரை. சாரம்: லென்ஸை இறுக மூடும் வாளியில் அரிசிக்கு நடுவே புதைத்து வைக்கவேண்டும். அரிசி ஈரத்தை இழுக்கும். இல்லாவிட்டால் பூஞ்சணம்.

"சம்பாவா சார், நாட்டரிசியா?" என்று டீச்சர்.

"எதுன்னாலும் சரி. சமைக்காம இருந்தா போதும்."

அனுபவம் பேசியது. போன வருடம் அவர் வீட்டில் சமைத்துவிட்டார்கள். லென்ஸ் தப்பியது, அதன் மூடி சோற்றில் கிடைத்தது.

என் லென்ஸ் அரிசியில் படுப்பதில்லை. தடித்த பிளானல் துணியில் இரண்டு சுற்று, அதன்மேல் ஒரு வெல்வெட் பை, பட்டுச்சேலை அலுமாரியில் இடம். நல்ல பொருளை எப்படி வைப்பதென்று துணிக்கடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியபோது இருட்டு. விளக்கைச் சுற்றி ஒரு வளையம். மங்கலான வானவில் மாதிரி. அடுத்த விளக்கிலும்.

அப்பா முதலில் சொன்னது இதைத்தான். "லைட்ட சுத்தி வளையமா தெரியுதுடா." யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தபோது ஒரு கண் போயிருந்தது, மற்றது புறப்படத் தயாராக இருந்தது. அப்போது அவருக்கு என் வயது.

மீனாவிடம் சொல்லவில்லை. சாப்பாடு: ரொட்டி, கட்டச்சம்பல்.

டிசம்பர் 5, வியாழன்

தூறல். கடை வாசலில் நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி எதிர்ப் பாமசியின் பெயர்ப்பலகையை வாசித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் தெரிந்தது. ஆனால் அந்தப் பலகை எனக்கு மனப்பாடம். பரீட்சை செல்லாது.

மீனா: "ஏங்க, கண்ண பொத்திக்கிட்டு அங்க என்ன செய்றீங்க? பாமசிக்காரரு உங்கள பாத்து கைய ஆட்டுறாரு."

"தலைவலி."

"அப்ப அவருகிட்டயே ரெண்டு பனடோல் கேளுங்க."

ஓர் அம்மா சேலை முந்தானையைக் காட்டி அதற்குப் பிளவுஸ் துணி கேட்டார். மயில் பச்சை. எங்கள் கடைக்கு ஆட்கள் வருவதே இதற்குத்தான்: நான் ஒரு தடவை பார்த்தால் போதும், அதே நிறத்தை எடுத்து விரிப்பேன். இன்று நான்கு பச்சைகளை எடுத்துப் போட்டுவிட்டு, மீனாவைக் கூப்பிட்டேன். அப்பா கடைசி வருடங்களில் துணியைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்னார். நிறத்தைத் தடவ முடியாது.

மத்தியானம், ஆள் இல்லாத நேரம், கெமராவை எடுத்துக் கண்ணாடி அலுமாரிப் பொம்மைகளைப் பார்த்தேன். பொம்மைகள் மேல் பனி. கடைக்குள். பனிக்குக் கடைக்குள் என்ன வேலை?

கெமராவை வைத்துவிட்டுப் பார்த்தால் பரவாயில்லை. அப்பாவுக்கும் பரவாயில்லாத நாட்கள் இருந்தன.

பண்டாரவளையில் வெள்ளி தோறும் ஒரு கண் டொக்டர் வருகிறாராம். பதுளையிலும் டொக்டர்கள் உண்டு. ஆனால் பதுளையில் காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் நம் வாடிக்கையாளர்கள். அடுத்த வெள்ளிக்கு நம்பர் போட்டாயிற்று.

டிசம்பர் 7, சனி

மழை இல்லை. கழகச் சுற்றுலா, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம். ரமேஷின் மரக்கறி லொறியில் போனோம். ரமேஷ் பண்டாரவளை வியாபாரி, கழகத்திலேயே விலை கூடிய கெமரா அவருடையது. கையேடு இன்னும் உறை பிரிக்கவில்லை. வழி முழுக்க லீக்ஸ் வாசனை.

லொறியில் ஒரு பிரம்புக் கூடையும் வந்தது. ரமேஷ் எப்போதும் கொண்டுவருவார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இப்போது முதுகில் கட்டுவது சாக்கு. படங்களில் மட்டும் இன்னும் கூடை. அந்தக் கூடைகளில் ஒன்று ரமேஷுடையது.

"அக்கா, இத மாட்டிக்கிட்டு ஒரு தடவ நில்லுங்க."

சரோஜா என்கிற அக்கா கூடையை மேலும் கீழும் பார்த்தார். "இது எங்க அம்மா காலத்துலயே போயிருச்சே தம்பி."

"படத்துக்குத்தான்க்கா."

"படத்துக்குன்னா நீயே மாட்டு."

ரமேஷுக்கு மாட்டியே விட்டார்கள். கயிறு நெற்றியில், கூடை முதுகில், கழுத்தில் ஐந்து லட்ச ரூபாய்க் கெமரா. பெண்கள் கைபேசிகளை எடுத்து ஆளுக்கு ஆள் படம் பிடித்தார்கள்.

"கங்காணி! இவருக்கும் பேரு போடுங்க!"

"முழுப் பேரு வேணாம். அரைப் பேரு போதும்!" என்று சரோஜா. தோட்டத்துக் கணக்கில் அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி. நியாயமான மதிப்பீடு.

நானும் எடுத்தேன். சரோஜா வாய்விட்டுச் சிரிக்கிறார், பின்னால் மலை. கெமராவுக்குள் எல்லாவற்றின் மேலும் வெண்மை. டீச்சரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், "இங்க இப்ப பனி இருக்கா?"

"ஸ்பிரிங்வெளியில பனி எப்ப இல்ல?"

இது பதில் இல்லை. இந்த ஊரில் கண் கெட்டால் கண்டுபிடிக்கவே ஒரு வழியும் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மழை. கூட்டம். தைப்பொங்கல் கண்காட்சிக்குப் படம் தெரிவு. டீச்சரின் டிவியில் ஒவ்வொன்றாக. தலைவர் எடுத்தவை: மலை, மலை, மலை, தன் பேத்தி. ரமேஷ் எடுத்தது: ரயில் வரும் முன் பாலம், ரயில் போன பின் பாலம்.

பிறகு என் சரோஜா. டிவியிலும் எனக்கு அதே மங்கல். கண்ணை மூடித் திறந்தேன். மங்கல்.

எல்லோரும் டிவிப் பக்கம் குனிந்தார்கள்.

"ஒளிய பாருங்க," என்றார் தலைவர் மெதுவாக. மெதுவாகப் பேசுவதை நான் கேட்டதே இல்லை. "அப்படியே முகத்துல இருந்து கிளம்புது."

"எந்த ஃபில்டர் அண்ணே போட்டீங்க?" என்று ரமேஷ்.

"ஃபில்டர் இல்லப்பா. அது உள்ள இருந்து வரணும்."

என் சார்பில் தலைவரே சொல்லிவிட்டார். முதல் படம், வாசலுக்கு நேரே. தலைப்பும் அவரே: 'அகவொளி'.

குருடனாவதற்கும் கலைஞனாவதற்கும் ஒரே வரிசை போலிருக்கிறது. தெரியாமல் நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் நடுவில். தூக்கம் சரியில்லை. மீனாவிடம் தலைவலி என்றேன். தலைவலியும் வந்துவிட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

மீனாவிடம் சொன்னது: பண்டாரவளையில் ஒரு மொத்த வியாபாரியைப் பார்க்க வேண்டும்.

டொக்டர் இளம்பெண். சொட்டு விட்டார், காத்திருக்கச் சொன்னார், நாடியை ஒரு தாங்கியில் வைத்து வெளிச்சம் அடித்தார். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

"ப்ரெஷர் நோர்மல். நரம்பு நல்லா இருக்கு. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு ஐயா."

"அப்பாவுக்கு…"

"சொன்னீங்க. அதனால வருசத்துக்கு ஒரு தடவ காட்டுங்க. இப்ப ஒண்ணும் இல்ல. வாசிக்கிற கண்ணாடிய மட்டும் மாத்துங்க."

"அப்ப அந்தப் பனி?"

"எந்தப் பனி?"

"கெமராவுல பாக்கும்போது வர்றது."

"வெறுங்கண்ணுல பாத்தா?"

"இல்ல."

டொக்டர் பேனாவை வைத்தார். "ஐயா, நான் கண் டொக்டர். கெமராவ நீங்க வேற யாருகிட்டயாவதுதான் காட்டணும்."

வெளியே வந்து உளுந்து வடை இரண்டு. பிளேன்டீ. இன்னொரு வடை. மார்க்கட்டில் கரட், முட்டைக்கோவா, பீட்ரூட் எல்லாம் அதனதன் நிறத்தில். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கோவா விற்பவரிடம் "நல்ல பச்சை" என்றேன். பேரம் பேச வந்தவன் என்று நினைத்து விலையைக் குறைத்தார். இரண்டு கோவா.

சொட்டு மருந்தின் வேலை தீரவில்லை. கண் நன்றாக இருப்பது உறுதியான நாளில் பலகை வாசிக்க முடியாமல் பதுளை பஸ்ஸுக்குப் பதிலாக வெலிமடை பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் இறக்கிவிட்டார், கோவாவுடன்.

வீட்டில் டொக்டர் தந்த கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தேன். வெளியே மழை.

மீனா: "மொத்த வியாபாரி சினிமாக்காரரா?"

டிசம்பர் 14, சனி

காலையிலேயே அலுமாரியைத் திறந்தேன். வெல்வெட் பை. பிளானல். தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று ஈரம். நல்ல துணி, நன்றாகக் குடித்திருக்கிறது. லென்ஸைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெள்ளை நூல்கள். நடுவிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிந்து, மஸ்லினைவிட மெல்லியதாக. இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் கடையில் விற்றதில்லை. பூஞ்சணம். கழகமே வியந்த அகவொளி.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மீனா எட்டிப் பார்த்தாள். "தலைவலி போயிருச்சா?"

"போயிருச்சு."

மத்தியானம் அந்த முந்தானை அம்மாவே மகளின் சேலையோடு வந்தார். நாவல்பழ நிறம். ஒரே துணி எடுத்தேன். விரித்தேன். அதே நிறம். அம்மா காசு கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது.

வாங்க: மூடியுள்ள வாளி. நாட்டரிசி ஐந்து கிலோ. வாசிக்கிற கண்ணாடி.

டிசம்பர் 17, செவ்வாய்

மழை. கூட்டத்தில் உண்மையைச் சொல்லி லென்ஸை மேசையில் வைத்தேன்.

தலைவரின் முகத்தில் முதலில் துக்கம். பிறகு, அரிசி உரையை ஞாபகப்படுத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்த மகிழ்ச்சி. மகிழ்ச்சிதான் நிலைத்தது.

டீச்சர் தன் கெமராப் பையை மடியில் தூக்கிக்கொண்டார். "அத முதல்ல தூரமா வைங்க சார். ஒரு லென்ஸ்ல இருந்து மத்ததுக்குப் பரவும்."

பெஞ்சுகள் நகர்ந்தன. போன வாரம் என் தோளைத் தட்டியவர்கள் இப்போது சுவரோடு.

"நான் முன்னாடியே நெனச்சேன் ஐயா," என்றார் ரமேஷ் தலைவரிடம். பிறகு என்னிடம், வாசல்வரை வந்து, ரகசியமாக: "அண்ணே, கழுவுறதுக்கு முன்னாடி ரெண்டு நாளைக்கு அந்த லென்ஸ எனக்குத் தருவீங்களா?"

தீர்மானம்: படம் கண்காட்சியில் இருக்கும். தலைப்பு மாறாது. காரணம் வெளியே போகாது. தலைவர் முன்மொழிய, ரமேஷ் வழிமொழிந்தார். சரோஜாவுக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்று டீச்சர். அவருக்குப் பனி இல்லாத படம் ஒன்று எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

டிசம்பர் 18, புதன்

மழை விட்டது. கடை பூட்டிவிட்டு மீனாவோடு நடை. பஸ் நிலையத்துக்கு அருகே நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு. சுற்றி வளையம்.

டொக்டர் சொன்னது, நரம்பு, ப்ரெஷர் எல்லாம் மறந்துபோயிற்று. நின்றுவிட்டேன்.

"மீனா, அந்த லைட்ட சுத்தி ஏதாவது தெரியுதா?"

"வளையமா இருக்கே."

"உனக்கும் தெரியுதா?"

"மழை விட்டு பனி எறங்குதுல்ல. எல்லாருக்குந்தான் தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன?"

தெருவிலேயே நின்று சொன்னேன். அப்பா, பாமசிப் பலகை, நான்கு பச்சை, பண்டாரவளை, வெலிமடை பஸ், எல்லாம். அவள் கேட்டு முடித்ததும் குடையால் என் காலில் ஒரு தட்டு. வலித்தது.

"இத அன்னைக்கே என்கிட்ட கேட்டிருந்தா?"

அடுத்த விளக்கிலும் வளையம். அதற்கடுத்ததிலும். வீடுவரை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள்.