உளைச்சல் என்றுதான் சொன்னேன்

ஜனவரி 21, செவ்வாய்

அனிதாவுக்கு இரட்டைச் சடை பின்ன ஆரம்பித்து ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். வலது தோள் அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. மறுபக்கத்தை அவளே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

கார்களுக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகளுக்கு டேப் சுற்றுவது என் வேலை. கையைத் தூக்கியபடியேதான் சுற்ற வேண்டும். ரெண்டு வருஷமாக இந்தத் தோள் என்னைப் படுத்துகிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, நாங்கள் குடியிருக்கிற மூக்கண்டப்பள்ளியில் என் முகம் தெரியாத மெடிக்கல் கடைக்காரர் கிடையாது. தசைநாரில் வீக்கம் இருந்தது, அது ஆறிவிட்டது என்கிறார்கள். ஆறிவிட்டது என்றால் இது என்ன?

ஜனவரி 26, ஞாயிறு

சாத்தூரிலிருந்து அத்தை போன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கை உரு வாங்கிப் போடுவதாக நேர்ந்திருக்கிறார்களாம். "கை இல்ல அத்த, தோளு" என்றேன். "தோளுக்கு உரு கிடைக்காது, கைன்னா அதுலயே தோளும் வந்துரும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமியாரிடம் வாதாடி ஜெயித்தவர் யார்?

போனை வைத்ததும் இவர் ஆரம்பித்தார். "மே மாசம் லீவு விட்டதும் ஊருக்குக் கிளம்பிருவோம் புள்ள. மச்சான் வெல்டிங் பட்டறைக்கு என்னைக் கூப்புடுதாரு. நீயும் வீட்ல இருந்து ஒரு வருசம் கைக்கு ரெஸ்ட் குடு. எல்லாம் சரியாயிரும்."

என் நன்மைக்குத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டமே. கெட்ட எண்ணத்தோடு சொன்னால் சண்டையாவது போடலாம். நான் "பாப்போம்" என்றேன். தோள் அப்படி வலித்தது, பாத்திரம் கழுவாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

கம்பெனி டாக்டர் கிருஷ்ணப்பனிடம் போனேன். இந்தப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. என்ன செய்கிறது என்று கேட்டார். "ஒரே உளைச்சலா இருக்கு சார். தூங்க விட மாட்டேங்குது, அப்படி உளைச்சல்" என்றேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: சரியாகச் சாப்பிடுகிறேனா, அழுகை வருகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சனையா?

தோளைப் பார்க்கவே இல்லை! கடைசியில் அருணா என்று ஒரு மேடத்தின் பேரை எழுதிக் கொடுத்து, அவரிடம் மனம் விட்டுப் பேசச் சொன்னார். பிசியோதெரபி மேடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

பிசியோ இல்லையாம். மனசுக்குப் பார்க்கிற மேடமாம்.

இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, இந்த ஊரு உனக்கு ஒத்துக்கல. மனசுலதான் இருக்கு."

மனசுல இருக்காம். அப்ப நான் நடிக்கேனா? ரெண்டு வருசமா ஒரு பக்கமாப் படுத்து எந்திரிக்கிறது நடிப்பா? அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. இனி அம்மனுக்கு என்ன உரு வாங்கிப் போடுவாங்க? மனசுக்கு உரு விக்குதா?

பிப்ரவரி 6, வியாழன்

போகவே கூடாது என்றிருந்தேன். அப்புறம் பார்த்தால், போகாவிட்டால் டாக்டர் ஏதாவது எழுதி வைத்து வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று பயம். போனேன்.

அருணா மேடம் பெங்களூர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறார். என்னை "தங்கமணி அவரே" என்கிறார். என் பேருக்குப் பின்னால் இவ்வளவு மரியாதையை இதுவரை யாரும் ஒட்டியதில்லை. உட்காருவதற்குள் நான் கத்திவிட்டேன். "மேடம், எனக்கு நெஜமாவே வலிக்குது."

"நெஜம்தான்" என்றார், சட்டென்று. "புண்ணு ஆறிடுச்சு. ஆனா நரம்பு இன்னும் பயந்துகிட்டே இருக்கு. சின்ன அசைவுக்கும் சத்தம் போடுது. கோபம், பயம், தூக்கம் இல்லாதது, இதெல்லாம் அந்தச் சத்தத்தைக் கூட்டும். நாம சத்தத்தக் கொறைக்கலாம். பேஜார் பண்ணிக்காதீங்க."

நம்பவில்லை. ஆனால் அவர் "நெஜம்தான்" என்றபோது அழுகை வந்துவிட்டது. இதற்கு எதற்கு அழுகை?

பிப்ரவரி 7, வெள்ளி

வலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேடம் சொன்னபடி செய்து பார்க்கிறேன். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். வலி வந்தபின் கையை இறக்காமல், வருவதற்கு முன்பே இறக்கி உதறிக்கொள்ள வேண்டும். பல்லைக் கடிக்கிறேனா என்று பார்க்க வேண்டும். பார்த்தால், நாள் முழுக்கக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்! யாரைக் கடிக்க இந்த ஆயத்தம் என்று தெரியவில்லை.

இன்று வேலை இல்லை, டேப் இல்லை, கை தூக்கவில்லை. இருந்தும் சாயங்காலம் உயிர் போனது. அப்படியென்றால் மூச்சு விட்டு என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 27, வியாழன்

ஒன்றும் புரியவில்லை. திங்கள்கிழமை சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். கோபத்தில் காது சூடாகிவிட்டது. தோள் சும்மா இருந்தது. நேற்று அனிதா பரிசு வாங்கி வந்தாள், சந்தோஷம்தான், வலித்தது. கோபப்பட்டால் வலி கூடும் என்றாரே மேடம், இது என்ன கணக்கு? ஆனால் தூக்கம் வருகிறது. கொஞ்ச நாளாக நன்றாகவே வருகிறது. மூச்சினாலா, பனி குறைந்ததாலா, யாருக்குத் தெரியும்.

மார்ச் 5, புதன்

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஆத்திரமும் வருகிறது.

கேன்டீனில் மணிமேகலையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். என் பக்கத்தில் நின்று டேப் சுற்றுகிற பெண், இந்தப் பக்கத்துக் குருபரப்பள்ளிக்காரி. கேட்டுவிட்டுச் சோற்றில் கையை வைத்தபடியே சிரிக்கிறாள்.

"ஏங்க்கா, டாக்டராண்ட உளைச்சல்னா சொன்ன?"

"ஆமா. உளைஞ்சா உளைச்சல்னுதான சொல்லணும்?"

"நாங்க நோவுன்னு சொல்லுவோம்க்கா. கை நோவுது, கால் நோவுது. உளைச்சல்னா இங்க மன உளைச்சல்தான். டிவில சொல்றாங்களே, மன உளைச்சல்ல ராஜினாமா பண்ணிட்டாருன்னு. நீ ஒரே உளைச்சல்னு சொன்னா அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு பாவம்!"

எங்கள் பக்கம் கால் உளைச்சல், கை உளைச்சல் என்றால் எலும்புக்குள் நின்று குடைவது. குழந்தைக்கும் தெரியும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே. அப்படியென்றால் நான் மனசு சரியில்லாதவள் கிடையாது. ஒரு வார்த்தையால் வந்த வினை! நாளைக்கே போய் மாற்றி எழுதச் சொல்லப்போகிறேன். அந்தச் சீட்டை இவர் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். முதலில் விழித்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். "அய்யோ, அப்போ கை நோவுன்னுதான் சொன்னீங்களா? நான்தாம்மா தப்பா புரிஞ்சிக்கிட்டேன். அந்த மேடமாண்ட போக வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்கட்டும் சார்" என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். தப்பான இடத்துக்கு அனுப்பப்பட்டவள் நான். அதைச் சரிசெய்துவிட்டால் வீட்டில் என் தலை நிமிரும். ஆனால் அந்த அறையில்தான் ஒரு ஆள் என்னை முழுசாகப் பேச விடுகிறார். இப்போது எனக்கு என்ன நோய்? தோளிலா, மனசிலா? தப்பு டாக்டருடையதா, என்னுடையதா, இல்லை தப்பே இல்லையா?

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

மேடம் கேட்டார்: "ரொம்ப மோசமா எப்போ வலிக்குது?" வேலை நேரத்தில் என்று சொல்லப் போனவள் நிறுத்தினேன். பொய் சொல்ல வேண்டாமே. "ஞாயித்துக்கிழமை" என்றேன். "லீவு நாள்ல?" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. வீட்டுக்காரம்மா சூடாக ஒப்பட்டு, நம்ம போளிதான், கொண்டுவந்து கொடுத்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன், கை கால் எல்லாம் லேசாக இருந்தது. அத்தை போன் வந்தது. அனிதாவை அங்கே எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாடியில் எந்த அறை எங்களுக்கு என்று பேச்சு. இவர் "சரிம்மா, சரிம்மா" என்றார். நான் ஒப்பட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டு கையை விட்டு விழுந்தது.

வேலையால் வலி என்று எல்லோரும் சொல்ல, நானும் அதையேதான் நம்பினேன். ஊருக்குப் போகிற பேச்சு வந்தால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் "பாத்தியா, மனசுதான்" என்பார்கள். அப்படியும் இருக்குமோ?

எனக்குப் போக வேண்டாம். எழுதிவிட்டேன். எனக்குப் போக வேண்டாம். இங்கே டேப் சுற்ற வருகிற புதுப் பிள்ளைகள் எல்லாம் "தங்கமணிக்கா, இது சரியா"ன்னு என்ட்டதான் வருதுக. அங்க போனா நான் யாரு? மாதவன் பொண்டாட்டி, கை சரியில்லாத மருமக. மாடி ரூம்ல உக்காந்து தோளத் தடவிக்கிட்டே கெழவியாகணும். பயமா இருக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இவர் டீ குடித்துக்கொண்டே, "சாமான் ஏத்த லாரிக்குச் சொல்லி வச்சிரவா?" என்று கேட்டார்.

"தோள் வலிக்குது, அப்புறம் பேசுவோம்" என்றேன்.

வலித்தது உண்மை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். "நீங்க வேணாம்னு சொல்ல வேண்டிய எடத்துல எல்லாம் வலிக்குதுன்னு சொல்றீங்க, தங்கமணி அவரே. ரெண்டும் நெஜம். ஆனா ரெண்டும் வேற வேற" என்றார்.

கோபமாக வந்தது. வலிக்குது என்றால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் மேடம். வேண்டாம் என்றால் விடுவார்களா? இதை அங்கே சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அனிதா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். மூச்சை விட்டு, பல் கடிப்பதை விட்டு, எல்லாம் செய்துவிட்டுத்தான் பேசினேன். "நான் ஊருக்கு வரல. எனக்கு இங்கதான் இருக்கணும்னு இருக்கு. கை வலிக்காக இல்ல. வலி போனாலும் வரமாட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "இத்தன நாளா இதச் சொல்லவே இல்லையே நீ."

"இப்பச் சொல்லுதேன்."

"எங்கம்மாட்ட நான் என்ன சொல்ல?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

மனசைத் திறந்தால் வலி குறையும் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்த ரெண்டு வருஷத்தில் இப்படி வலித்ததில்லை. லீவு போட்டுவிட்டேன். இவர் பேசவில்லை. சோறு மட்டும் வடித்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

மே 8, வியாழன்

மேடம் சிரிக்கவும் இல்லை, பாவப்படவும் இல்லை. "பயந்த நரம்பு, கொஞ்ச நாள் கத்தும்" என்றார். மறுபடி மூச்சு. மறுபடி கையை உதறுதல். வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் தேவலை, ஒரு நாள் மோசம். சொன்னது சரியா, தப்பா? அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் தப்பு என்று தோன்றுகிறது. கம்பெனியில் வேலை லைனில் நின்றால் சரி என்று தோன்றுகிறது.

மே 19, திங்கள்

லாரியைப் பற்றி இன்னும் பேச்சில்லை. கேட்கவும் பயம்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறக்கிறார்கள். அனிதா புதுப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். எந்த ஊர்ப் பள்ளி என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அத்தை போன். எப்போதும் இவர் என்னிடம்தான் முதலில் கொடுப்பார். இன்று அவரே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேசியது மட்டும் கேட்டது.

"இல்லம்மா, கிளம்பல... வலி இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காக இல்ல... அவளுக்கு இஷ்டம் இல்லம்மா."

அந்தப் பக்கம் வெகுநேரம் பேசியிருப்பார்கள் போல. இவர் "ம்... ம்..." என்றுகொண்டே இருந்தார். அப்புறம்:

"ஆமா. இஷ்டம் இல்ல, அவ்வளவுதான். அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நானும் இங்கதான் இருக்கேன்... மச்சான்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

உள்ளே வந்தார். முகம் சரியில்லை. என்னைப் பார்க்காமல் என்ன குழம்பு என்று கேட்டார். புளிக்குழம்பு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அனிதாவின் புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்தார்.

தோள் வலித்துக்கொண்டுதான் இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.