மலைக்கு எடுத்துப்போகும் ரஜாய்

அப்பா,

இன்று கோடை வகுப்பில் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டேன். அது மிதந்து வந்து வேதியியல் நோட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரே ஒரு தூவி. வாத்தின் மார்பிலிருந்து எடுப்பார்களே, காம்பில்லாமல் பஞ்சு மாதிரி, அது. விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். அதே வாசனை. மழையில் நனைந்த கோழி கொஞ்சம், புது நைலான் கொஞ்சம்.

“ஏன்டீ, வீட்ல கோழி வளக்குறீங்களா?” என்று பக்கத்தில் இருந்தவள் தெலுங்கில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த ஒரு பீரியட் போதாது.

ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் ரஜாய், அதாவது குளிருக்குப் போர்த்தும் கனத்த போர்வை, தைக்கிறோம் என்று சொன்னபோது யார்தான் சிரிக்கவில்லை? இங்கே குளிர் என்பதே வருஷத்தில் இருபது நாள். கீழ்வீட்டு ஆன்ட்டி, “சாருக்கு ஆபீஸ்ல ஏசி அதிகமோ?” என்று அம்மாவிடம் கேட்டார். நீங்கள் கல்லூரியில் படிக்கும்போதே இமயமலையில் நடக்க ஆசைப்பட்டவர். ஒருமுறை பெரியப்பா கல்யாணம், ஒருமுறை தாத்தாவின் ஆபரேஷன், அப்புறம் நான் பிறந்தேன். போன வருஷம்தான், “இனிமே யாரும் பிறக்கப் போறதில்ல, போயிடலாம்” என்றீர்கள். மே மாதம் நாம் இரண்டு பேரும் போவதாக முடிவானது.

உங்கள் அலுவலக நண்பர் தன் தூங்கும் பையைக் கொடுத்தனுப்பினார். அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஹாலில் நாலு அடி வைத்தேன், பின்பக்கமாகச் சாய்ந்து சோபாவில் விழுந்தேன். “இதைத் தூக்கிட்டு நீ போகல. இதுதான் உன்னைத் தூக்கிட்டுப் போகுது” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே. உடம்புக்கு அடியில் நசுங்கிய தூவி சூடு தராது. அதனால் அடிப்பாகமே வேண்டாம், மேலே மூடினால் போதும், கால்மாட்டில் மட்டும் பை மாதிரி மூட வேண்டும் என்று படித்ததைச் சொன்னேன். “அப்போ பாதி தைச்சா போதுங்கிற. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றீர்கள். அதுவரை நீங்கள் தைத்திருந்தது சட்டைப் பொத்தான். நான் அதுகூட இல்லை.

மெட்டுகுடாவில் பழைய தையல் மிஷின் வாங்கிய கடையில், நம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மாஸ்டரை மறக்க முடியுமா? “கைக்கு சாப் இத்தா பத்லா கப்டா? எதுக்கு சார் இவ்வளவு மெல்லிய துணி? கொசுவலையா தைக்கிறீங்க?” என்று அவர் கேட்க, “ஹவ் மாஸ்டர், கொசுவலையும் உள்ள வருது” என்று நீங்கள் நேர்மையாகச் சொன்னீர்கள். தூவி ஒரே பக்கம் சரிந்துவிடாமல் இருக்க, மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே வலைத்துணியால் சுவர் சுவராக வைத்துப் பதினான்கு அறைகள் தைக்க வேண்டும். மாஸ்டர் அதை நம்பவே இல்லை. நல்ல குடும்பத்து மனிதர் என்று நினைத்துத்தான் மிஷினைக் கொடுத்திருப்பார்.

தப்பு நடந்தது என்னால். நீங்கள் மிஷினில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் எதிரே நின்று படித்துச் சொன்னேன். “இடது பக்கத்திலிருந்து” என்றேன். என் இடது உங்களுக்கு வலது. இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தைத்து முடித்துத் தரையில் விரித்தால், ரஜாய் முறுக்கு மாதிரி சுருண்டு கிடந்தது. நான் அழுதேன். நீங்கள் அதைத் தோளில் சுற்றிக்கொண்டு, “மலை ஏறுற பாம்புக்குச் சரியா இருக்கும்” என்றீர்கள்.

தையலைப் பிரித்து, சரியான பக்கத்திலிருந்து மறுபடி தைத்தோம். ஆனால் அவ்வளவு மெல்லிய துணியில் முதல் தடவை ஊசி போன இடம் மூடாது, தூவி அதன் வழியே வெளியே வரும். ஒவ்வொரு துளையிலும் அம்மாவின் நெயில் பாலிஷை ஒரு பொட்டு வைத்தது உங்கள் யோசனை. “என் மெரூன் பாட்டில் எங்க?” என்று அம்மா வீடு முழுக்கத் தேடியபோது நாம் இருவரும் ரொம்ப நல்ல பிள்ளைகளாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம்.

அத்தை கும்பகோணத்திலிருந்து போன் செய்து, “ஆம்பள மிஷின்ல உக்காந்து தைக்கிறான்னு சொல்லிச் சிரிக்கிறாங்கடா” என்றார். நீங்கள் கோபப்படவில்லை. “இடுப்பு இந்த வலி வலிக்குதே அக்கா, நீயெல்லாம் எப்படித் தைச்சே?” என்று கேட்டீர்கள்.

ஜனவரியில் நீங்கள் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. பதினான்கு அறைகளும் அப்போது காலி. ஒரு பக்கம் திறந்திருந்தது. வாங்கி வைத்திருந்த தூவிப் பொட்டலத்தை நாம் ஒருமுறைதான் பிரித்துப் பார்த்திருந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், மே மாதம் நான் மட்டுமாவது போகிறேன் என்றேன். சொல்லக் கூடாத நேரம் என்று இப்போது தெரிகிறது. அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அப்பன் போன வருஷத்துல மலை ஏறக் கூடாது.”

கீழ்வீட்டு ஆன்ட்டியும் உடனே, ஏடாதி வரைக்கும், வருஷம் திரும்பும்வரை, கொண்டா ஏறவே கூடாது, மலையே கூடாது என்று பாதித் தமிழில் ஆமோதித்தார். தமிழும் தெலுங்கும் வேறு எதிலும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

“கோயில் இருக்கிற மலையா அத்தை, எல்லா மலையுமா?”

“மலைன்னா மலைதான்.”

“எங்க ஸ்கூலே பாறை மேலதான் இருக்கு. திங்கக்கிழமை போலாமா, வேண்டாமா?”

“வாயாடாதடி. ஊர் சுத்துறதுக்கு அப்பன் சாவு ஒரு சாக்கா?”

கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மாவும். மறுநாள் அம்மா தூவிப் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். அதன்பிறகு மூன்று மாதம் நான் அம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். அப்பா, அது தப்புதான். ஆனால் அப்போது எனக்கு அம்மாவும் அவர்கள் பக்கம்.

பரீட்சை முடிந்த மறுநாள் பொட்டலத்தை இறக்கினேன். நிரப்புவதற்குக் காற்றே இல்லாத இடம் வேண்டும் என்று படித்திருந்ததால் குளியலறைக்குள் போய், ஜன்னலை அடைத்து, சுவரில் தண்ணீர் தெளித்து, தாளிட்டுக்கொண்டேன். ஏப்ரல் மாத மத்தியானம். சமையலறைத் தராசில் ஒரு அறைக்கு இருபத்தைந்து கிராம் நிறுக்க வேண்டும். தூவியை அள்ளி அள்ளி வைக்கிறேன், தராசு பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. வியர்வையில் கை, மூக்கு, இமை எல்லாம் ஒட்டிக்கொண்டது.

கதவு தட்டும் சத்தம். “என்னடி பண்றே?”

“நிரப்புறேன். ஏறத்தான் போறேன். நீங்களும் கூடாதுன்னு சொல்லணும்னா வெளியிலிருந்தே சொல்லுங்க.”

“ஒரு கையால எப்படிப் பிடிச்சு நிரப்புவே? திற.”

தலையில் குளியல் தொப்பியோடு அம்மா நின்றிருந்தார். உள்ளே வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து அறையின் வாயை விரித்துப் பிடித்தார். ஆறாவது அறை நிரப்பும்போது, நான் கேட்காமலே சொன்னார். “அத்தை சொன்னதுக்காக மேல போடல. உங்கப்பா இதை மோந்து பாத்துட்டுத் தும்மிக்கிட்டே இருந்தாரே. அந்த வாசனை வரும்போதெல்லாம் என்னால முடியலடி.” நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் தெரியவில்லை.

எல்லாம் நிரப்பி முடிக்க மூன்று மத்தியானங்கள் ஆயின. கடைசித் தையல் நான் போட்டது. கோணல்தான், பிரிக்க மாட்டேன்.

நேற்று அத்தை போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“அவ நிஜமாவே போறாளா?”

“போறா அண்ணி. நானும் போறேன். மலையேறுற முகாமுக்கு ரெண்டு பேர் பேரும் குடுத்தாச்சு.”

“நீயா? உனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகலையே!”

“ஆமா அண்ணி, ஆகல.”

அவ்வளவுதான் சொன்னார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அந்தப் பக்கம் அத்தை அழுதார். உங்களைத் தூக்கி வளர்த்தவர். அந்த அழுகையில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் போகாமல் இருக்க முடியாது. பன்னிரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் துக்கம் ஒரே மாதிரியாகத்தான் இருக்க வேண்டுமா? இந்த மடல் அத்தை கையில் கிடைத்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

நாளை மறுநாள் செகந்திராபாத்தில் ரயில். அம்மாவுக்கு முகாமில் தரும் தூங்கும் பைதான்; இன்னொன்று தைக்க நாளில்லை. மேலே குளிரில் எனக்குப் பயமாக இருக்கலாம். பாதி வழியில் மூச்சு வாங்கலாம். நாம் தைத்தது எங்காவது விட்டுப்போகவும் செய்யும். ஊசியும் நூலும் பையின் மேலறையில் வைத்திருக்கிறேன்; விட்ட இடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டு, மறுபடி ஏறுவேன்.