உனக்கும் ஒரு பத்திரிகை

முத்துப்பேச்சி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை நேற்று கொண்டுவந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள். அந்த வாசனை என் கைப்பையில் இன்னும் இருக்கிறது. அவள் தந்தது இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. உன்னைப் பார்த்தேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இழவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். அழுகை வரவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. என்ன ஜென்மமோ நான்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் நர்ஸுகளாக இருந்தபோது, ஊருக்கு ஒரு சுகாதார ஊழியரை அந்த ஊரிலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லி டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. பல ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சினனோ மருமகனோ மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். பிரசவ வீட்டு வாசலோடு அவர்கள் வேலை முடிந்தது. முத்துப்பேச்சியின் ஊரிலாவது பெண்தான் வேண்டும் என்று நீ மல்லுக்கு நின்றாய்.

முதலில் செல்வியை எடுத்தோம். ஊர்ப்பெண், பத்தாவது படித்தவள். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலப்பது முதல் கிணற்றுக்கு மருந்து போடுவது வரை எல்லாம் தேறினாள். ஆவணியில் அவளைக் கம்பம் ஊருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து நாமும் பாயசம் குடித்தோம். "நம்ம ட்ரெயினிங்கையும் சேத்துச் சீர்வரிசையா அனுப்புறாக, பாத்தியாடி" என்று என் காதில் சொன்னாய்.

கட்டிக்கொண்டு போகிற பெண்ணே வேண்டாம் என்று அடுத்து ஒரு மருமகளை எடுத்தோம். கெட்டிக்காரி. ஆனால் ஊர் நடுவே மந்தைத் திடலில் அவள் மாமனாரும் பங்காளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். புது மருமகள் அவர்கள் முன்னால் நடக்க முடியாது. மந்தைக்கு அப்பால் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆள் வந்தபோது அவள் காட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். போக்கு நிற்கட்டும் என்று அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குக் கண் செருகிவிட்டது. பிழைக்கவில்லை.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அந்தப் புள்ளையச் சொல்லிக் குத்தமில்ல. ஆளப் பாத்த நாம ஊரப் பாக்கலடி" என்றாய்.

"பொம்பளைக சரிப்பட மாட்டாக. என் மச்சினன் சும்மாதான இருக்கான்" என்றார் தலைவர். அடுத்த பயிற்சிக்குள் நாம் ஆள் காட்டாவிட்டால் பெட்டி அவனுக்கு. நீ தெருத்தெருவாகப் போனாய். படிப்பைக் கேட்கவில்லை. "இங்கனயே பொறந்து இங்கனயே வாக்கப்பட்டவ யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டாய். கல்யாணத் தரகர் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முத்துப்பேச்சி கிடைத்தாள். கீழத்தெருவில் பிறந்து, மேலத்தெருவில் அத்தை மகனைக் கட்டியவள். சொந்தத்தில் கட்டாதீர்கள், பிள்ளைக்கு ஆகாது என்று ஊர் ஊராகப் பாடம் நடத்திய நாம், அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். மந்தை வழியாகப் போவாயா என்று கேட்டாய்.

"அங்கன இருக்கதெல்லாம் என் சித்தப்பனும் மாமனுந்தானக்கா. என்னைய எவரு மறிப்பாரு?"

அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் உன் கேள்வியைத்தான் கேட்டோம். மந்தைக்கு அப்பாலிருந்து ஒரு குழந்தையின் சாவுச் செய்தி மறுபடி வரவில்லை.

நேற்று முத்துப்பேச்சி வாசலிலேயே சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரியே சொந்தத்துல கட்டலக்கா. ஆனா மாப்பிள்ளை உள்ளூருதான். எனக்குப் பெறகு பெட்டிய இவ தூக்கிக்கிருவா. அந்த அக்காகிட்டச் சொல்லுங்க, சிரிப்பாக."

மஞ்சள் கையோடு கல்யாணத்துக்கு அழைக்க வந்தவளிடம் இழவுச் செய்தியை எப்படிச் சொல்வது? "குடுத்துர்றேன்" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அப்போதும் அழுகை வரவில்லை. இரண்டு பத்திரிகையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். உன்னுடையது இன்னும் அதில்தான் இருக்கிறது.

கல்யாணத்தன்று நான் போய் இறங்குவேன். எனக்குப் பின்னால் நீ இறங்குகிறாயா என்று அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.