குமாரி பொன்மலரிடம் நான் சொன்ன கதை

கிளாக்கர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு அட்டன் பஸ் ஸ்டாண்டில், வடை சுற்றிக் கொடுத்த காகிதத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. "அண்ணே, வடைய தின்னுட்டு பேப்பரத்தான் போடணும். நீங்க பேப்பர வச்சுக்கிட்டு வடைய போட்டுட்டீங்களே" என்றார் கடைக்காரர். குனிந்து பார்த்தேன். வடை காலடியில் கிடந்தது. நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

காகிதம் உங்களுடையது. மேஜர் ரணதீரன் என்ற பெயரில் நீங்கள் எழுதிய கதையில் ஒரு பக்கம். ஒரு துரை செத்துக் கிடக்கிறான். எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ளத்தான் நின்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது, இன்னும் என்னை ஏழு கட்டை தூரம் நடக்க வைக்கிறீர்கள். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆபீசில் கணக்கெழுதிய கிளாக்கர் நீங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, தேயிலைத் தோட்டத்துத் தபால் பை சுமந்தவன் நான். பகலில் துரைக்கு முன்னால் "யெஸ் சேர்" என்று குனிந்து நிற்பீர்கள். வீட்டுக்குப் போனதும் ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் மாதம் ஒரு துரையைக் கொல்வீர்கள். கொலைக் கதைக்கு உங்கள் பெயர் மேஜர் ரணதீரன், பேய்க்கு இருளப்பதாசன், காதலுக்குக் குமாரி பொன்மலர். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். அதனால் கொழும்பு அச்சுக்கூடத்துக்குப் போகும் கதைக் கட்டுகளை ஒளித்துச் சுமந்தவன் நான்தான். குமாரி பொன்மலருக்கு வாலிபர்கள் எழுதிய காதல் கடிதங்களையும் நான்தான் கொண்டுவந்தேன். நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே படிப்பீர்கள்.

புத்தகம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சத்தமாக வாசிப்பேன். பொம்பளைக் குரல், பேய்க் குரல் எல்லாம் எனக்கு வரும். எழுதியவர் யார் என்று மட்டும் சொல்லமாட்டேன். அந்தப் பெருமையை அடக்கி அடக்கி வயிறு உப்பிப்போகும்.

என் மகள் செல்வியின் சங்கதியையும் உங்களிடம்தான் சொன்னேன். டவுன் பேக்கரிப் பையனோடு வீட்டைவிட்டு நல்லதண்ணி ஊருக்குப் போனாள். அவன் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். மழையில் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். அக்கரப்பத்தனையில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். அரிசிக் கூப்பனைத் தொலைத்துவிட்டாள், அதுதான் வீட்டில் சத்தம் என்று லயத்தில் சொல்லிவைத்தேன். உங்கள் ஒருவரிடம்தான் உண்மை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டீர்கள். அதை மரியாதை என்று நினைத்தேன், மடையன்.

அடுத்து வந்த பொன்மலர் புத்தகத்தை நான் வாசித்த அன்று மாப்பிள்ளையின் மாமா வந்திருந்தார். சம்பந்தி வீட்டார் மெச்ச வேண்டுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கதையில் பெண்ணுக்கு வேறு பெயர், காதலன் டாக்டர் மகன். எனக்கு உறைக்கவே இல்லை. என் மகள் ஒரு கதைக்குள் இருப்பாள் என்று நான் எங்கே கண்டேன்? மழையில் ஒற்றைச் செருப்போடு வாசலில் நிற்கிறாள். தகப்பன், "கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடும்மா" என்கிறான். அந்த இடத்தில் குரலை நடுங்கவிட்டேன்.

பக்கத்துக் காம்பரா மாரியம்மா கேட்டாள்: "ஏன் அண்ணே, கூப்பன் தொலைச்ச அன்னைக்கு நம்ம செல்வியும் ஒத்தச் செருப்போடதானே வந்துச்சு? நீங்க வெறகுக் கட்டையால அடிச்சது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சே."

மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க." பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. செல்வி உள்ளே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. சம்பந்தம் நின்றுவிட்டது. இன்றுவரை வேறொன்று அமையவில்லை. கேட்டதற்கு மட்டும் எனக்குப் பதில் சொல்கிறாள்.

மறுநாள் ஆபீஸ் பின்வாசலில் உங்களை மறித்தேன். "எம் புள்ள வாழ்க்கைய புத்தகம் போட்டு வித்துட்டீங்களேய்யா."

"ராமையா, நீ சொன்னதைத்தானே எழுதினனான்" என்றீர்கள். "பேரை மாத்தினனான், பெடியனை மாத்தினனான். அந்தத் தகப்பனை மட்டும் மாத்தேல்லை. அப்பிடி ஒரு மனிசனை நான் கதையிலும் கண்டதில்லை."

அதற்குப் பிறகு உங்கள் கட்டுகளை நான் தொடவில்லை. உங்கள் சாவுக்கும் வரவில்லை. இப்போதும் உங்களை மன்னிக்கவில்லை. நம்பிச் சொன்னதை விற்றவர் நீங்கள். அன்று பின்வாசலில் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து சாப்பிடு என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை, ஐயா. சொன்னதாக உங்களிடம்தான் சொன்னேன்.