ரிப்பேர் என்று சொன்ன மைக் செட்

அன்புள்ள அப்பா,

நேற்றுக் காலை உங்கள் ஆம்ப்ளிஃபயரின் மேல் மூடியிருந்த பழைய வேட்டியை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். எரியாது என்று நினைத்துத்தான் போட்டேன். சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே படிந்திருந்த தூசு சூடேறி அந்த வாசனை வந்தது. கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று எங்கே போய் வந்தாலும் உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே வாசனை. மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அழுகைதான் வந்தது. உங்கள் செட்டின் தரத்துக்கு அது ஒண்டிப்புதூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்வீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, உடுமலையிலிருந்தோ ஆனைமலையிலிருந்தோ முகம் தெரியாத யாரோ போனில் அழுவதைக் கேட்பது. இன்னொரு பெண்ணை நேசித்த குற்றத்துக்கு வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவளுக்காக போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருப்பது. விடுமுறை நாளில் தரையில் சார்ட் விரித்துப் பதாகை எழுதுவது, எழுதியதை மெர்லின் மிதித்துவிட்டால் அவளோடு சண்டை போடுவது.

மெர்லினும் நானும் தோழிகளாக மட்டும் ஒரே வீட்டில் இல்லை, இனி எங்கள் வாழ்க்கையே அதுதான் என்று உங்களிடம் சொன்ன அன்று, வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அவள் வால்பாறை எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்தவள், நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். நான் பேசி முடிக்கும்வரை உங்கள் கை நிற்கவில்லை. பிறகு, "ஒயரு சிக்காயிருச்சு அம்மணி, அந்தப் பக்கம் புடி," என்றீர்கள். பிடித்தேன். இருவருமாகச் சிக்கெடுத்தோம். பதில் சொல்லாமல் தப்பிக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதுவே பதிலாகவும் இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை.

அதற்குப் பிறகுதான் நம் பேட்டையில் அந்தப் பொதுக்கூட்டம் நடந்தது. எங்களைப் போன்றவர்கள் நோய் என்றார்கள், குடும்பங்களைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் மேடையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் பாக்ஸில் உங்கள் பெயர் எழுதியிருந்தது. நம் வீட்டு மைக்கில் நம் வீட்டுப் பெண்ணையே திட்டினார்கள். வீட்டுக்கு வந்து கத்தினேன். மைக்குக்குக் கட்சி கிடையாது, வாடகைக்குக் கொடுத்தது செட்டைத்தான், வாயை இல்லை என்றீர்கள். அது உங்கள் தொழில் நியாயம். எல்லாக் கொடிக்கும் கீழே உங்கள் ஒயர் ஓடியிருக்கிறது. எனக்கு அந்த நியாயம் அன்று பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே ஆட்கள் அடுத்த கூட்டத்துக்கு உங்களைப் போனில் கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "செட்டு ரிப்பேருங்க, இப்பத்திக்கு ஆகாதுங்க," என்று சொல்லி வைத்தீர்கள். அன்றே வேட்டியைப் போட்டு மூடியும் வைத்தீர்கள். நான் அப்படியே நம்பினேன்.

எங்கள் ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்தபோது சூலூர்க்காரரிடம் செட் எடுத்தேன். உங்களிடம் கேட்கலாமா என்று மனம் அடித்துக்கொண்டதும் உண்மை, ரிப்பேர் என்றதால் கேட்க வேண்டியதில்லை என்று நிம்மதிப்பட்டதும் உண்மை. மைக் செட்காரர்களுக்குள் எந்தச் செய்தி நிற்கும்? ஆர்ப்பாட்டம் முடிந்த சாயந்தரமே உங்கள் காதுக்கு வந்துவிட்டது. அன்றிரவு நம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, சூலூர்க்காரர் செட் நன்றாகக் கேட்டதா என்று விசாரித்தீர்கள். நடுவில் கீயென்று கொஞ்சம் கூவியது என்றேன். பாக்ஸை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். உங்க செட்டுத்தான் ரிப்பேர்னு சொன்னீங்களேப்பா என்றேன்.

"ஆமா, ரிப்பேர்தான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனீர்கள்.

அந்த மாதமே உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

நேற்று மைக்கில் என் அழுகையைக் கேட்டு அம்மா ஓடி வந்தார். செட்டு நல்லாத்தானே இருக்குது என்று கேட்டேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதுக்கு என்ன கேடு? உன்னைத் திட்டறவங்களுக்குக் குடுக்க மனசில்லாம அப்படிச் சொல்லிப்போட்டாரு. நீ வந்து கேப்பேன்னு பாத்துட்டே இருந்தாரு, கண்ணு. நாமளாப் போயி எப்படிச் சொல்றதுன்னாரு."

விசேஷக்காரர்தான் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லவேண்டும். மைக் செட்காரர் போய் வேலை கேட்கக்கூடாது. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கே, அத்தை வந்து முறையாகச் சொன்ன பிறகுதானே ஒயரைத் தூக்கினீர்கள். யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்பாத மனிதர் எனக்காகப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் எனக்காக அந்த முறையை மட்டும் தாண்டவில்லை. பெற்ற மகளிடம் என்னப்பா முறை? உங்கள் மேல் கோபம் வருகிறது. உங்கள் மகள்தானே, எனக்கு மட்டும் வாய் வந்ததா என்றும் தோன்றுகிறது. ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

இன்று காலை ஆம்ப்ளிஃபயரின் மேல் வெற்றிலை பாக்கு வைத்தேன். "ஏனுங்கப்பா, இன்னைக்கி நம்ம கூட்டம் ஒண்ணு இருக்குதுங்க. செட்டு வேணுமுங்க," என்றேன். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

தாலுகா ஆபீஸ் முன்னால் ஒரு மணி நேரம்தான் அனுமதி. வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டாரிடம் ஒப்படைக்காதே என்பதுதான் கோரிக்கை. வந்தது கொஞ்சம் பேர், அதிலும் பாதிப் பேர் முகத்தை மறைத்துக்கொண்டு. இதனால் சட்டம் நாளைக்கே மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. சிக்னலில் நிற்கும் டவுன் பஸ்ஸின் ஜன்னலோரம், வெளியே சொல்ல முடியாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தன்னைப் போல் இன்னும் சிலர் வெயிலில் நின்று சத்தமாகப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், அதற்காகத்தான் நிற்கிறோம். முன்னால் நிற்பவனுக்கு மைக்கே வேண்டாம், கடைசியில் நிற்பவனுக்குத்தான் மைக் என்று நீங்கள் சொல்வதும் இதுதானே.

பாக்ஸை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்தேன். கூவவில்லை. ஹலோ என்றோ ஒன்று இரண்டு என்றோ நீங்கள் சோதித்ததே இல்லை. உங்கள் வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்.

"ஏனுங்க, கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா?"

இப்படிக் கேட்டுவிட்டு நீங்கள் மைக்கை மேடையில் யார் கையிலாவது கொடுத்து, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, பேசச் சொல்லிக் காது கொடுத்துப் பார்த்துக் கையைத் தூக்குவீர்கள். இன்று மெர்லின் போய் நின்றாள். பேக்கரி வாசலிலிருந்து, கேட்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உடனே பேச ஆரம்பிக்கவில்லை அப்பா. இன்னொரு கைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.