கோட்டுப் போட்ட படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் தமிழில் எழுதும் பம்புக் கையேட்டில் போட, எங்கள் கம்பெனி ஸ்டோர்காரரிடம் பம்பின் கோட்டுப்படம் ஒன்று கேட்டிருந்தேன். நேற்று, கோட்டு மாட்டிக்கொண்டு எடுத்த தன் கல்யாணப் படத்தை நீட்டினார். “இது போதுமாக்கா?”

சிரித்து முடித்து, தேவையில்லாததை விட்டுவிட்டுக் கோடுகளால் மட்டும் காட்டுவதுதான் கோட்டுப்படம் என்று விளக்கினேன்.

“அட, நாம வீட்டுக்கு எழுதுற லெட்டர் மாதிரின்னு சொல்லுங்க!”

உடனே உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். “கால் பரவாயில்லை” என்று ஒரே கோடு. மாடி ஏற முடிகிறதா, டாக்டர் என்ன சொன்னார், ஒன்று விடாமல் எழுது. என் பழைய சால்வையையும் அனுப்பு. இங்கே குளிர் கொஞ்சம்தான்.

அந்தக் கடைசி வரியும் கோட்டுப்படம்தான், அம்மா. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்