பஞ்சை எடுக்கச் சொன்னவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகந்தான், அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, உன் தங்கை புது வேலைக்குப் போனதிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிகிறாள், நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை கேட்க மனசு வரவில்லை.

நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அங்கே புதிதாக நடனம் அமைக்கிறவர்களுக்குப் பாலே பள்ளிப் பிள்ளைகளையும் கொடுத்து மேடையும் கொடுக்கிறார்கள், அதில் என் மகனுக்கும் இடம் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தான். வீடியோவில் கடைசி வரிசையில் ஒல்லியாக ஒரு பெண், விரல் நுனியில் நிற்கப் போடுகிற அந்தக் கெட்டி ஷூ கடித்துப் புண்ணாகி நொண்டுகிறாள், நீ பாட்டை நிறுத்துகிறாய், பிள்ளையை உட்கார வைக்கப்போகிறாய் என்று பார்த்தால், அந்த நொண்டல் பிரமாதம், எல்லாரும் அதே மாதிரி பண்ணுங்க என்கிறாய். அப்பா கைகூடத் தட்டினார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருந்தால் ஏதோ வேகத்தில் செய்துவிட்டான் என்று நானும் விட்டிருப்பேன். போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, புண்ணு ஆறிப்போச்சும்மா, இப்ப அவளுக்கு நொண்டலே வரமாட்டேங்குது, அதான் விரலுக்கு வைக்கிற பஞ்சை எடுத்துட்டு ஆடச் சொல்லிட்டேன் என்று. அவ என்னடா சொன்னா என்று கேட்டேன். தேங்க்ஸ் சார்னு சொன்னா என்றாய், அதுவும் பெருமையாக. சீ. முன்வரிசையில் நிறுத்துகிறேன் என்றால் அந்த வயதுப் பிள்ளை எதற்கும் தலையாட்டும், அதைப் போய்ச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயே. உனக்குக் கலை தெரியாதும்மா என்பாய், தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன். அருவருப்பு எனக்குத் தெரியும், பெற்ற பிள்ளைமேல் அது வரும் என்பதுதான் இத்தனை நாளும் தெரியவில்லை.

நாளைக்கே அந்தப் பஞ்சை அவள் ஷூவில் வைக்கச் சொல், மறக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நல்லா இருக்கணும், நாலு பேர் மெச்ச வாழணும், அந்த ஆசீர்வாதத்தில் குறைவே இல்லை. உன் நிகழ்ச்சிக்கு நாங்களும் வருகிறோம். மற்றப் பிள்ளைகள் நடிக்கிற நொண்டலுக்கும் அவள் வலித்து நொண்டுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், வலிக்கிறது என்று கண்டால் மேடையேறி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். நீங்க யாரும்மா என்று கேட்பார்கள். உன்னைக் கைகாட்டி, அவனைப் பெத்தவ என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
அம்மா